கண்ணடித்த கங்காணி

தெல்தோட்டைக் கோப்பித் தோட்டத்தில் கங்காணி முத்துக்கருப்பன் மூன்று நாளாய்ப் பழம் பறிக்கும் பெண்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறாராம். துரை அவரை வேலையை விட்டுத் துரத்தத் தயாரானார்.

“சாமி சத்தியமா இல்லீங்க தொரை!” என்ற கங்காணி, துரையைப் பார்த்தும் கண்ணடித்தார்.

தோட்டத்துக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் குறுக்கிட்டார். “ரெண்டு கண்ணையும் மூடும்.”

வலது கண் மூடியது. இடது கண் விழித்தே இருந்தது.

“நெத்தியைச் சுருக்கும்.”

பாதி நெற்றிதான் சுருங்கியது.

“இவர் கண்ணடிக்கேல்லை. இடப்பக்க முக நரம்பு பழுது. இமைக்கேக்க ஒரு கண்தான் மூடுது.”

வேலை தப்பியது. பெண்கள் சிரித்தார்கள். மூக்காயி மட்டும் முறைத்தாள்.

“அப்ப நேத்து என்னையப் பாத்து அடிச்சதும் நரம்புதானா?”

“ஆமா புள்ள.”

“கட்டி இருபது வருசத்துல இப்பத்தான் பொண்டாட்டி ஞாபகம் வந்துச்சுன்னு, முட்டையிடுற கோழிய அடிச்சுக் குழம்பு வச்சேனேய்யா!”