பூசணிக்காய் எழுத்துகள்

தினமும் காலையில் குமாஸ்தாவின் மானிட்டரில் எழுத்துகள் பூசணிக்காய் அளவுக்கு ஊதிக் கிடந்தன. கேபிளை மாற்றியாயிற்று, டிரைவரையும் புதிதாக ஏற்றியாயிற்று. பக்கத்து சீட்டுக்காரர் மேல்தான் அவருக்குச் சந்தேகம்.

"அந்த ஆளு முழியே சரியில்லப்பா" என்று கம்ப்யூட்டர் மெக்கானிக்கின் காதைக் கடித்தார்.

மெக்கானிக் வழக்கம்போல ரெசல்யூஷனைத் திருத்தினார். "அவரை விடுங்க சார். காலையில சரி பண்றதும் நான்தான், சாயங்காலம் பெருசாக்குறதும் நான்தான்."

"அடப்பாவி! எதுக்கு?"

"இந்த மானிட்டருக்கு ரெண்டு கம்ப்ளெயிண்ட். எழுத்து பெருசா இருக்குன்னு நீங்க குடுத்தது ஒண்ணு. சின்னதா இருக்குன்னு இன்னொண்ணு."

"என்னைத் தவிர இதை யாருய்யா படிக்கிறா?"

மெக்கானிக் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அறையைக் கண்ணால் காட்டினார்.

"மேனேஜர். அவரு சீட்ல இருந்து பார்த்தா சரியா தெரியலையாம்."