மத்தியானக் காவல்

மணி இரண்டேகால். எனக்குக் கொட்டாவி வந்தது.

சாதாரணக் கொட்டாவி இல்லை. தாடை 'கடக்' என்று சத்தம் போட்டு, கண்ணில் நீர் கோத்து, கடைசியில் ஒரு முனகலோடு முடிகிற முழுநீளக் கொட்டாவி.

காவல் நாற்காலியில் இருந்தபடியே தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு யாரும் விழித்திருக்கவில்லை.

இந்த ஊரில் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நான்கு மணி வரை எல்லோரும் தூங்குவார்கள். கடைத்தெரு மொத்தமும் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டுப் படுத்துக்கொள்ளும். அந்த முழங்கால் உயரம் காற்று வருவதற்காக. ஆனால் காற்று வருகிற வழியில் திருடனும் வரலாம். ஆகவே வியாபாரிகள் சங்கம் ஒரு மத்தியானக் காவல்காரரை வைத்திருக்கிறது.

அது நான்.

இந்த வேலைக்கு உள்ளூர்க்காரர்களை எடுப்பதில்லை. ஒருமுறை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். காவல்காரரைத் தட்டி எழுப்ப இன்னொரு காவல்காரர் தேவைப்பட்டதால் விட்டுவிட்டார்கள். இப்போதெல்லாம் குளிர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்து இறங்கியவர்களுக்கு மட்டும்தான். எங்கள் ஊரில் மத்தியானம் ஒருவன் படுத்துத் தூங்கினால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நாடி பிடித்துப் பார்ப்பார்.

நேர்முகத் தேர்வு எளிமையாகத்தான் இருந்தது. சங்கத்தின் செயலாளர் பெயிண்ட் கடைக்காரர். எனக்கு வயிறு முட்டச் சாப்பாடு போட்டு, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே தானும் உட்கார்ந்து என் கண்களையே உற்றுப் பார்த்தார்.

ஏழாவது நிமிடம் அவருக்குக் குறட்டை வந்தது.

நான்கு மணிக்கு விழித்துப் பார்த்தார். நான் அதே நாற்காலியில் வியர்த்து வழிந்துகொண்டு, கொட்டக் கொட்ட முழித்திருந்தேன். வேலை கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் ஷட்டரைத் தூக்கியதும் அவர் கேட்கிற முதல் கேள்வி: "என்னப்பா, ஊர் பழகிடுச்சா?"

எந்த ஊரிலும் புதிதாக வந்தவனை இப்படித்தான் கேட்பார்கள். பழகிவிட்டது என்றால் சந்தோஷப்படுவார்கள். இங்கே பழகிவிட்டது என்றால் மறுநாளிலிருந்து வரவேண்டியதில்லை.

"எங்கண்ணே, உயிர் போகுது," என்பேன். அவர் முகம் மலரும்.

முதல் ஆறு மாதம் அது உண்மையாகவே இருந்தது. முதுகு முழுக்க வேர்க்குரு. பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர். அப்புறம் என் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்சி மாறியது. வேர்க்குரு காணாமல் போனது. எத்தனை மணிக்கு எந்தச் சுவரோரம் நிழல் விழும் என்பது காலுக்கே தெரிந்தது. போன மாதம் செயலாளரிடமே "இன்னிக்குக் கொஞ்சம் குளுகுளுன்னு இருக்குல்ல" என்று உளறிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மறுநாளிலிருந்து நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தெருக்குழாயில் சட்டையின் முதுகை நனைத்துக்கொள்கிறேன்.

என் மனைவிக்கு இந்த அரசியல் புரியாது. "உங்களுக்கு இந்த ஊரு நல்லா ஒத்துக்கிச்சுங்க, பாருங்க, சதை போட்டிருக்கு" என்று வாசலில் நின்று சொன்னாள். உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

தூங்கிப் பிடிபட்டால் அன்றோடு சரி. முன்பு ஒருவர் அப்படிப் பிடிபட்டு, பரணில் போட்ட கம்பளிகளைத் தேடி எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு திரும்பிப் போயிருக்கிறார். ஆனால் பிடிபடுவதற்குள், ஊர் பழகாத ஓர் ஆளைத் தன் இடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டால், சங்கமே ஏதாவது ஒரு கடைக்குள் வேலை போட்டுத் தரும். காலையில் வேலை, மாலையில் வேலை. நடுவில் மூன்று மணி நேரம் ஊரோடு சேர்ந்து முறைப்படியான தூக்கம்.

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து இரண்டு மாதம்தான் ஆகிறது. எட்டு வாரம் வாயே திறக்காமல் போய் வந்தவள், முந்தாநாள்தான் ஒரு சிநேகிதியை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். இருவரும் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து மாலை முழுக்கச் சிரித்தார்கள். அவளிடம் போய்க் கம்பளியை எடு என்று என்னால் சொல்ல முடியாது.

இரண்டாவது கொட்டாவி வந்தது. இது முந்தையதைவிட நீளம்.

இனி தாமதிப்பதற்கில்லை. பழைய ஊரில் இருக்கும் சகலைக்குப் போன் போட்டேன்.

அவர் 'ஹலோ' சொல்வதற்குள் பல் நான்கு முறை தந்தியடித்தது. இரண்டு ஸ்வெட்டர் போட்டிருப்பதாகவும், துவைத்த துணி ஒன்பது நாளாகக் காயவில்லை என்றும் சொன்னார்.

"எதுக்கு சகலை அங்க கிடந்து அவதிப்படறீங்க? கிளம்பி வாங்க. வேலை தயாரா இருக்கு. ஒண்ணும் கஷ்டமில்லை, சும்மா உக்காந்திருந்தா போதும்."

"அப்படி ஒரு வேலையா? ஏன், நீங்களே பாக்கலாமே?"

நியாயமான கேள்வி. நல்ல பதிலாகச் சொல்ல வேண்டும் என்று மூச்சை இழுத்தேன்.

"எனக்கென்ன சகலை… நீங்க பக்கத்துல இருந்தா…"

அதற்குள் மூன்றாவது வந்துவிட்டது. உள்ளங்கையால் வாயைப் பொத்திப் பார்த்தேன். குரல் உடைந்து, நடுங்கி, இழுத்து, ஒரு முனகலாக வெளியே போய்விட்டது. அப்புறம் மூக்கை வேறு உறிஞ்ச வேண்டியிருந்தது.

மறுமுனையில் பல் அடிக்கும் சத்தம் நின்றுபோனது.

பிறகு சகலை கம்மிய குரலில் சொன்னார்: "அழாதீங்க சகலை. நான் நாளைக்கே கிளம்பி வர்றேன்."

பத்து மாதத்துக்கு முன்பு, இதே நாற்காலியிலிருந்து என் மனைவியின் அண்ணன் கூப்பிட்டபோது நானும் இதையேதான் சொன்னேன். தங்கை புருஷன் மேல் இப்படி உயிரை வைத்திருக்கிற மச்சான் யாருக்குக் கிடைப்பான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

எதிரே பாத்திரக் கடை ஷட்டருக்கு அடியிலிருந்து மச்சானுடைய குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது.