ஐந்து விரல்

சவரிமுத்து மகளின் முதுகைத் தொடாமல், அதன்மேல் உள்ளங்கையை விரித்துப் பிடித்தான். கொப்பளித்துக் கருத்திருந்த ஐந்து விரல் தடமும் அவன் விரல்களோடு இம்மி பிசகாமல் பொருந்தியது. மூன்று நாளைக்கு முன் உச்சிவெயிலில் சர்பத் வண்டியருகே எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தவன், சட்டையில்லாமல் ஓடிவந்த மகளைச் சாறு வழியும் கையாலேயே தட்டிக்கொடுத்து விளையாட அனுப்பியிருந்தான். "சாறு பட்ட எடத்துல வெயில் பட்டா வெந்துபோயிடும், பிரகாசி. என் விரலிடுக்கைப் பாரு, இங்கயும் அதேமாதிரி கருத்திருக்கு. குடியை விட்டு ரெண்டு வருசமாச்சு, பிள்ளை மேல கை வைப்பேனா" என்று மனைவியிடம் கெஞ்சினான். அவள் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா அடிக்கலம்மா, தட்டித்தான் குடுத்தாங்க" என்றாள் குழந்தை.

பிரகாசி பையை மூடினாள். "உங்கப்பா குடிச்சிட்டு வந்து என்னை அடிச்சப்பல்லாம், எங்கம்மாகிட்ட நானும் இப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்."