ரெண்டு மணிக்கு நிற்கும் மெஷின்

"பொக்லைன் நின்னாலும் சம்பளம் மட்டும் நிக்காம ஓடுது சார்!"

போனில் மேனேஜரிடம் பொரிந்து தள்ளினார் சைட் சூப்பர்வைசர். மேஜையில் பரிந்துரைப் படிவம் கிடந்தது. சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும்.

டவர் கிரேன் பயிற்சிக்கு ஒரே ஓர் இடம். முடித்தால் சம்பளம் ஒன்றரை மடங்கு. அதைவிடப் பெரிய விஷயம், குலுங்காத கேபின். பதினாலு வருஷம் பொக்லைனில் குலுங்கிக் குலுங்கி ஆபரேட்டருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இன்னும் ரெண்டு வருஷம் இதே மெஷினில் உட்கார்ந்தால் தன்னிடம் வராதே என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"பாவம், பழைய ஆளு. இன்னொரு தடவை யோசிங்களேன்" என்றார் மேனேஜர்.

"யோசிக்க என்ன சார் இருக்கு? தெனமும் ரெண்டு மணி ஆச்சுன்னா மெஷினை நிறுத்திடுறான். முக்கால் மணி நேரம்! கேட்டா, கிரீஸ் அடிக்கிறேங்கிறான். அதுக்கு மேல வாயிலேர்ந்து முத்து உதிராது. ஊமைக்கோட்டான்!"

போனை வைத்துவிட்டு, 'பிறரோடு பழகும் விதம்' என்ற இடத்தில் அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி போட்டார். போட்ட கையோடு சுவரைப் பார்த்துக்கொண்டார். அங்கே கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது, அவருக்கு ஹெட் ஆபீஸ் அனுப்பிய பாராட்டுக் கடிதம்.

மூணு மாசத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பெண், இடுப்புக்கு ஒன்றாக இரட்டைக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தினமும் சண்டைக்கு வந்தாள். "இந்தச் சத்தத்துல இதுங்க எப்படித் தூங்கும்? புகார் குடுத்து வேலையையே நிறுத்திடுவேன்!" என்று ஒரே ரகளை. சூப்பர்வைசர் ஒரு நாள் அரை மணி நேரம் நின்று பேசினார். மறுநாளிலிருந்து அவள் வரவே இல்லை. 'இனிய பேச்சால் பிரச்சினையைத் தீர்த்தமைக்கு' என்று கடிதம் வந்தது. வந்தவர் போனவருக்கெல்லாம் அதைக் காட்டித் தீர்த்துவிட்டார் மனுஷன்.

வழக்கமாக ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே ஒரு குட்டித் தூக்கம் போடுவார். மெஷின் சத்தம் அவருக்குத் தாலாட்டு. ரெண்டு மணிக்கு அது நின்றதும்தான் திடுக்கிட்டு விழிப்பார். 'நிறுத்திட்டான்யா!' என்று கோபமும் அப்போதுதான் பொத்துக்கொண்டு வரும்.

இன்று தூங்கவில்லை. ரெண்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போதே மெஷின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"இன்னிக்கு நிறுத்தக் கூடாது. புரியுதா?"

ஆபரேட்டர் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தார். "சாயங்காலம் கூட இருந்து முடிச்சுத் தர்றேன் சார். இப்ப விட்டுடுங்க."

"உன் படிவம் இன்னும் என் மேஜை மேலதான் இருக்கு. ஞாபகம் வச்சுக்க!"

மெஷின் ஓடியது. பத்தே நிமிஷம். பக்கத்து வீட்டில் ரெண்டு தொண்டைகளும் ஒன்றாகக் கிளம்பின. அந்தப் பெண் குழந்தைகளை இடுப்புக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"எங்க சார் அந்த அண்ணன்? உடம்பு கிடம்பு சரியில்லையா? புது ஆளைப் போட்டிருக்கீங்களா?"

"புது ஆளா? யாரும் இல்லையேம்மா."

"அப்ப ஏன் நிறுத்தல? ரெண்டு மணிக்குள்ள குழந்தைங்களைப் படுக்க வச்சிடும்மா, அதுக்கப்புறம் மெஷின் சத்தம் வராமப் பாத்துக்கிறேன்னு அவருதானே சொன்னாரு? மூணு மாசமா ஒரு நாள் தவறினதில்லையே!"

சூப்பர்வைசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அன்னிக்கு நான் பேசினதாலதானே நீங்க..."

"நீங்களா? நீங்க பேசப் பேச இதுங்க ரெண்டும் இன்னும்தானே வீறிட்டுச்சு!"

"அதுக்காக முக்கால் மணி நேரம் வேலையை நிறுத்தினா எப்படிம்மா?"

"ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போறப்ப அவரு மட்டும் ஒத்தையா ஓட்டிக்கிட்டிருக்காரே, அது கணக்குல வராதா? தெனமும் ஜன்னல்லேர்ந்து நான் பாக்குறேன். நீங்க பாத்ததே இல்லையா?"

அவர் எப்படிப் பார்த்திருப்பார்? தாலாட்டு கேட்டுக்கொண்டல்லவா இருந்தார்! மனசுக்குள் கணக்குப் போட்டார். சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம், அவன் நிறுத்துவது முக்கால் மணி நேரம். கம்பெனிக்குத் தினமும் கால் மணி நேரம் லாபம்.

"யோவ், நிறுத்துய்யா!" என்று கத்தினார்.

ஆபீசுக்குப் போய்ப் பழைய படிவத்தைக் கிழித்துப் போட்டார். புதுசு எடுத்து நிரப்பினார். 'பிறரோடு பழகும் விதம்' என்ற இடத்தில் 'மிக மிக நன்று' என்று எழுதி, அதற்கு அடியில் ஒரு கோடும் போட்டார். கையோடு அதை மேனேஜருக்கு அனுப்பிவிட்டு ஆபரேட்டரைக் கூப்பிட்டார்.

"டவர் கிரேனுக்கு உன் பேரைத்தான் அனுப்பியிருக்கேன்."

ஆபரேட்டரின் முகம் மலர்ந்துவிட்டது. கை தானாக இடுப்பைத் தடவிக்கொண்டது. "நெசமாவா சார்? ரொம்ப சந்தோஷம் சார்."

"அது கெடக்கட்டும். மூணு மாசமா என்கிட்ட இத்தனை திட்டு வாங்கினியே, இந்தப் பயிற்சியே கையை விட்டுப் போக இருந்துச்சு. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லித் தொலைச்சா என்னய்யா?"

ஆபரேட்டர் தலையைச் சொறிந்தார். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த கடிதத்தைத் தயக்கத்தோடு பார்த்தார்.

"சொல்லலாம்னுதான் சார் ஒரு நாள் வந்தேன். அன்னிக்குப் பாத்து நீங்க உங்க வீட்டம்மாவையும் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வந்து, இந்த லெட்டரை அவங்களுக்குப் படிச்சுக் காட்டிக்கிட்டிருந்தீங்க."