வாசலுக்கு வந்த நெப்டியூன்

இன்னும் நூறு மீட்டர் முன்னாலேயே நின்றிருந்தால் நெப்டியூன் ஆந்திராவிலேயே இருந்திருக்கும்.

அது எங்கே சொன்ன பேச்சைக் கேட்டது? எல்லைப் பலகையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்விட்டது.

அறிவியல் வாத்தியார் ஆசிர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிச்சாட்டூர்ப் பக்கம், எல்லையோரத்தில் இருக்கிறது அவருடைய பள்ளிக்கூடம். அதன் சுவரில் ஒரு மீட்டர் நாற்பது அகலத்துக்குச் சூரியனை வரைந்து, அங்கிருந்து சாலையோரமாகவே கிரகங்களை நட்டுக்கொண்டு வருகிறார்கள். இங்கே ஒரு மீட்டர் என்றால் வானத்தில் பத்து லட்சம் கிலோமீட்டர். அந்தக் கணக்கில் பூமி ஒரு கோலிக்குண்டு. ரைஸ் மில் பக்கத்தில் நிற்கிறது. வியாழன் ஒரு உரித்த தேங்காய். நெப்டியூன் எலுமிச்சம்பழ அளவு. குட்டிக் கல்லின் தலையில் ஒட்டிய நீலச் சிமெண்ட் உருண்டை.

நாளைக்குத் திருப்பதியிலிருந்து போட்டி நடுவர்கள் பார்க்க வருகிறார்கள். தேறினால் மாநிலப் போட்டி. ஊரே மறந்துபோன பள்ளிக்கூடத்துக்கு இது என்ன லேசுப்பட்ட விஷயமா?

போனில் ஹெட்மாஸ்டர் கத்தினார். "அய்யோ ஆசிர் காரு, வத்து வத்து, வேணாம்! ஆந்திரா ப்ராஜெக்ட்டு, நெப்டியூன் தமிழ்நாட்டுலயா? திருப்பதியில சிரிப்பாங்க. பலகைக்கு இந்தாண்டையே நட்டுடுங்க. யாரு டேப்பு வெச்சிப் பாக்கப் போறாங்க?"

ஆசிருக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. நூறு மீட்டர்தானே.

"அக்கா, கொஞ்சம் பின்னால போய்டலாம்" என்றார்.

டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த சென்னம்மா அசையவில்லை.

அவள் நூறு நாள் வேலையில் ஆட்களை மேற்பார்க்கிற மேட். பன்னிரண்டு வருஷமாகக் குழி அளக்கிறவள். அவள் அளந்ததை எந்த இன்ஜினியரும் திரும்ப அளந்ததில்லை. ஐம்பது மீட்டர் டேப்பை இழுத்துப் பிடிப்பது, சுண்ணாம்பால் கோடு போடுவது, மறுபடி இழுப்பது என்று சூரியனிலிருந்து மூன்று நாளாக அளந்துகொண்டு வருகிறாள். இது தொண்ணூறாவது இழுப்பு. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. முதல் நாள், "இம்மாத்தூண்டு பூமி இவ்ளோ தூரத்துல இருந்துக்கினு எப்டி சார் சூரியன வுடாம சுத்துது?" என்று கேட்டாள். இன்றைக்கு எட்டு கிரகத்தின் தூரமும் அவளுக்கு மனப்பாடம்.

"ஒரு மீட்டர்னா பத்து லட்சம் கிலோமீட்டர்னு நீதான சார் சொன்ன?"

"ஆமாக்கா."

"அப்ப நூறு மீட்டரு?"

ஆசிர் மனசுக்குள் பெருக்கினார். பெருக்கியதும் முகம் சுருங்கிவிட்டது. "பத்து கோடி."

"பத்து கோடி கிலோமீட்டரு பொய் சொல்றதுக்கா மூணு நாளா வெய்யில்ல காய்ஞ்சேன்? எது ஆந்திரா எது தமிழ்நாடுன்னு நெப்டியூனுக்குத் தெரியுமா?"

அடேங்கப்பா! பி.எஸ்சி., பி.எட். படித்த வாத்தியார் டேப்பை மறுபடி இழுத்துப் பிடித்தார். ஹெட்மாஸ்டரின் அடுத்த அழைப்பை அவர் எடுக்கவில்லை.

கடைசிக் கோடு ஒரு ஓட்டு வீட்டு வாசலுக்கு நேரே விழுந்தது. அங்கே கயிற்றுக் கட்டிலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சென்னம்மாவும் அவர் பக்கம் திரும்பவில்லை. கடப்பாரையால் சாலையோரத்தில் குழி தோண்டினாள். கல்லை இறக்கி, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து இறுக்கினாள்.

எதிர்வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"யோவ் சாரே, வாசலுக்கு நேரா கல்லு நட்டா வாசக்குத்து இல்லியா? குடும்பம் வெளங்குமா? பெருசு, நீயும் பாத்துக்கினு சும்மா குந்திக்கினு கீறியே!"

சொன்னதோடு நிற்காமல் குனிந்து நெப்டியூனைப் பிடித்தும்விட்டார்.

வாசற்குத்து என்று பேச்சு வந்தபின் எந்த வீட்டுக்காரர் ஒப்புக்கொள்வார்? மூன்று நாள் உழைப்பும் போச்சு, திருப்பதியும் போச்சு என்று ஆசிர் நினைத்தார்.

பெரியவர் கட்டிலை விட்டு எழுந்து வந்தார்.

"கைய எட்றா."

"இல்ல பெருசு, வாசக்குத்து..."

"குத்துனா குத்தட்டும். என் பொண்ணு அளந்து நட்டது. ஒரு இஞ்சு நவுரக் கூடாது."

ஆசிர் சட்டென்று சென்னம்மாவைப் பார்த்தார். டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்த அவள் கை நின்றுபோயிருந்தது.

"எங்க நைனாதான் சார்." அவள் தலை குனியவில்லை. "கேக்காம கல்யாணம் கட்டிக்கினு போய்ட்டேன்னு இருவத்திரெண்டு வருஷமா பேச்சு இல்ல. சனி கெரகம் நட்டப்பவே எனக்குத் தெரியும், அளவு நேரா இந்த வாசலுக்குத்தான் வரும்னு."

ஆசிர் எல்லைப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் சொன்ன இடத்தில் நட்டிருந்தால் அவள் இந்த வாசலுக்கு வந்தே இருக்க வேண்டாம். இப்படி ஒருத்தியோடு டேப் பிடித்ததை நினைத்து அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

சென்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுதிக்க சார். நாலாயிரத்து நானூத்தித் தொண்ணூத்தெட்டு மீட்டரு."

பெரியவர் எதிர்வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கினியா?" என்றார்.