இரட்டைத் தலை வயர்

ஹார்டு டிஸ்கின் விளக்கு மினுங்கி அணைந்தது.

"புது லேப்டாப்புல ஓட மாட்டேங்கு. கல்யாண வீடியோ அம்புட்டும் போச்சு, அஸீலா" என்றார் என் கணவர்.

"இனிமே பாக்கவே முடியாதா வாப்பா?" ஸமீஹா உதட்டைப் பிதுக்கினாள்.

போகட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. ஒவ்வொரு பெருநாளுக்கும் அதே ஊர்வலம், அதே சிரிப்பு. பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

டிஸ்கின் வயருக்கு இரண்டு தலை. பழைய லேப்டாப்பில் இரண்டும் செருகியிருந்ததைத் தூசி தட்டும்போது பார்த்திருக்கிறேன். ஒரு துளையில் வரும் கரண்ட் அதற்குப் போதாது. அவருக்கு இது தெரியாது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது.

"தள்ளுங்க" என்று சும்மா தொங்கிய தலையையும் பக்கத்துத் துளையில் செருகினேன். டிஸ்க் உறுமிச் சுழன்றது.

"ஏட்டி, எஞ்சினியரு தோத்தாரு போ!" என்று சிரித்தார்.

திரையில் மணப்பெண் நிமிர்ந்து பார்த்தாள். ஸமீஹா என் மடியில் ஏறி உட்கார்ந்து, அந்தக் கன்னத்தை விரலால் தொட்டாள்.

"எங்க உம்மா மௌத்தாகாம இருந்தா இப்பவும் இப்படித்தானே இருப்பாக, சின்னம்மா?"

"இப்படித்தான்" என்றேன். "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வை."