வாசலோரப் பை

சுகிர்தாவுக்கு இது நான்காவது வளர்ப்பு வீடு. படித்து முடித்ததும் புத்தகங்களைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து, வாசலோரம் செருப்புக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவாள். யார் எப்போது கிளம்பச் சொன்னாலும் கிளம்பிவிடலாம். அவளுக்கென்று வளர்ப்புத்தாய் எஸ்தர் சுவரில் அடித்துக்கொடுத்த புத்தகப் பலகை, பிளஸ் டூ முடியும்வரை காலியாகவே கிடந்தது. கணக்கு வராதபோதெல்லாம் கூடவே உட்கார்ந்திருந்த எஸ்தர், பலகையைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்டதில்லை. சனிக்கிழமைதோறும் அந்த வெறும் பலகையைத் துடைத்துவைப்பாள்.

கல்லூரி விடுதிக்குப் புறப்பட்ட அன்று சுகிர்தா பையில் துணிகளை மட்டும் அடுக்கியிருந்தாள்.

"புத்தகத்த எடுத்துக்கிடலையா?" என்றாள் எஸ்தர்.

"அது இங்கயே இருக்கட்டும் ஆன்ட்டி."

சனிக்கிழமை எஸ்தர் ஈரத்துணியோடு வந்து நின்றாள். துடைக்கப் பலகையில் இடமில்லை.